எண்ணெயும் மசாலாவும் இல்லாத ஒரு விருந்து

தீபகற்ப மலேசியாவின் கிள்ளானிலிருந்து சொந்தக்காரர்கள் போர்னியோ தீவில் சரவாக்கின் தலைநகரான கூச்சிங்குக்கு வரும்போது சாப்பாட்டுப் பட்டியலையும் கையோடு கொண்டுவருவார்கள். சரவாக் லக்சா, கோலோ மீ, வண்ண வண்ணமாக லாப்பிஸ் கேக். மூன்றும் நல்ல சாப்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவ்வளவோடு விமானம் ஏறிவிடுகிறார்கள். இந்த மண்ணின் பூர்வகுடிகளான டாயாக் மக்கள் வீட்டில் என்ன சமைக்கிறார்கள், ஏன் அப்படிச் சமைக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நானாகப் பேச்சை எடுத்தாலும், "வெறும் உப்புத் தண்ணியில வேக வெப்பாங்களாமே, காரமே இருக்காதாமே" என்று பின்வாங்குகிறார்கள். அவர்களை எப்படியாவது அந்த மேசையில் உட்கார வைத்துவிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

டாயாக் என்பது ஒரே இனம் இல்லை. சரவாக்கில் எண்ணிக்கையில் பெரியவர்கள் இபான் மக்கள். கூச்சிங்கைச் சுற்றியுள்ள பாடாவான், பாவ், செரியான் பக்கம் பிடாயு மக்கள். உள்நாட்டு மலைகளிலும் ஆற்றின் மேல்பகுதிகளிலும் வாழும் கெலாபிட், லுன் பாவாங், காயான், கென்யா போன்றவர்களைச் சேர்த்து ஓராங் உலு என்பார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் இந்தோனேசியாவின் கலிமந்தானிலும் டாயாக் மக்கள் ஏராளம். ஒவ்வொருவருக்கும் தனி மொழி, தனிச் சமையல். ஆனாலும் காடு, ஆறு, மலைநெல் மூன்றும் எல்லோருக்கும் பொது. எண்ணெய்ச் சட்டி இல்லாமல், கடையில் வாங்கிய பொடி இல்லாமல், கைக்கு எட்டிய இலையையும் தண்டையும் வைத்து ருசியை வரவழைப்பது இந்தச் சமையல்களின் அடிப்படை.

என் அலுவலகத் தோழி இபான். அவளுடைய ஊர் பெத்தோங் பக்கம். அவளுடைய அம்மாவை அவளைப் போலவே நானும் இண்டாய் என்றுதான் கூப்பிடுவேன். இண்டாய், பல குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வாழும் நீண்ட வீட்டிலேயே பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, மலைநெல்லும் மிளகும் போட்டு நாலு பிள்ளைகளை வளர்த்தவர். மகளைப் பார்க்க அவர் கூச்சிங் வந்திருந்த ஒரு சனிக்கிழமை, மூவருமாக ஒரு டாயாக் உணவகத்துக்குப் போனோம். கடைக்காரரிடம் சொல்லிக்கொள்ளாமல் எழுதுவதால் பெயரைச் சொல்லவில்லை. பான் ஹோக் சாலையிலிருக்கும் நம் காளியம்மன் கோயிலிலிருந்து வண்டியில் சிறிது நேரம்தான். அந்த உணவகத்துக்கு நான் முன்பும் போயிருக்கிறேன். ஆனால் காலமெல்லாம் இந்தச் சமையலைச் செய்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது தட்டு வேறுவிதமாகத் தெரிகிறது.

முதலில் வந்தது மானோக் பான்சோ. மூங்கிலில் வெந்த கோழி. டாயாக் சமையல் என்றதும் எல்லோரும் சொல்வது இதைத்தான், சொல்லத் தகுந்ததும்தான். நாட்டுக்கோழியை எலும்போடு சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக்கொள்கிறார்கள். தட்டிய செராய் என்கிற எலுமிச்சைப்புல், இஞ்சி, காட்டு இஞ்சித் தண்டு, மணத்துக்குப் புங்காங் என்கிற காட்டு இலை, உப்பு. இவ்வளவையும் கையால் பிசைந்து, ஒரு முனை கணுவால் மூடியிருக்கும் பச்சை மூங்கிலுக்குள் திணித்து, கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறார்கள். மேலே மரவள்ளி இலையைக் கசக்கி உருட்டி வாயை அடைத்துவிடுகிறார்கள். பிறகு மூங்கிலைத் தணலின் மேல் சாய்த்து நிறுத்தி, அவ்வப்போது திருப்பிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வேட்டைக்கோ, தொலைவிலுள்ள மலைவயலுக்கோ போகிறவர்கள் பாத்திரம் சுமக்க வேண்டியதில்லை. கத்தியும் உப்பும் இருந்தால் போதும், பானை அங்கேயே முளைத்து நிற்கிறது. ஒருமுறை பயன்படுத்திய மூங்கிலை எறிந்துவிடலாம், கழுவும் வேலையும் கிடையாது.

எங்கள் மேசைக்கு வந்த மூங்கில் முழங்கை நீளத்துக்கு மேல் இருந்தது. தணல் பட்ட பக்கம் கரி, மறுபக்கம் பச்சை வெளிறிப் பழுப்பாகியிருந்தது. பரிமாறிய பையன் துணியால் பிடித்துக்கொண்டு, குச்சியால் இலை அடைப்பை நெம்பினான். முதலில் ஆவி வந்தது. பிறகு கரும்பச்சையாக வெந்த மரவள்ளி இலை பொத்தென்று கிண்ணத்தில் விழுந்தது. அதன் பின்னால் கோழித்துண்டுகளும், தெளிந்த சாறும். சாற்றின் மேல் கோழிக் கொழுப்பு சின்னச் சின்ன மஞ்சள் பொட்டுகளாக மிதந்தது. அதைத் தவிர எண்ணெயின் தடமே இல்லை. மணத்தில் முதலில் செராய் தெரியும், அப்புறம் புகை. கடைசியாக, சாற்றை விழுங்கிய பிறகு, பச்சை மூங்கிலின் மெல்லிய இனிப்பு அடித்தொண்டையில் நிற்கும். அந்தக் கடைசிச் சுவைக்காகத்தான் நான் இதைத் திரும்பத் திரும்பச் சாப்பிடுகிறேன். சட்டியில் எவ்வளவு செராய் போட்டாலும் அது வராது.

இண்டாய் சாற்றைத் தொடுவதற்கு முன்னால் காலி மூங்கிலைக் கேட்டு வாங்கினார். உள்ளே பார்த்தார், மூக்கருகில் கொண்டுபோனார்.

"மூங்கில் இளசு. சரியான பதம்," என்றார்.

"எப்படி இண்டாய் தெரியும்?"

"முத்தினதுல மணமே இருக்காது பிள்ளை. தண்ணிச் சத்து போயிருக்கும், நெருப்புல போட்டா அதுவே பத்திக்கும். இது எரியல பாரு, கருகியிருக்கு, அவ்வளவுதான்."

இதைக் கேட்டுச் சமையற்கட்டிலிருந்து ஓர் அக்கா வெளியே வந்துவிட்டார். பாடாவான் பக்கத்துப் பிடாயு பெண். மூங்கில் அவர்கள் கம்போங்கிலிருந்தே, அதாவது கிராமத்திலிருந்தே, வருகிறதாம். இரண்டு பேரும் மலாயில் பேசத் தொடங்கினார்கள். பிடாயு வீடுகளில் கோழியோடு அரிசியையும் சேர்த்து மூங்கிலில் வேகவைக்கும் அசாம் சியோக் பற்றி அந்த அக்கா சொன்னார். அரிசி கோழிச்சாற்றையெல்லாம் குடித்துவிட்டுக் குழைந்து வருமாம். இண்டாய், சாறு போய்விட்டால் பிறகு என்ன மிச்சம் என்றார். அந்த அக்கா, சாறு சோற்றுக்குள்ளேதானே இருக்கிறது என்றார். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு அந்தப் பேச்சு முழுவதும் பிடித்திருந்தது. டாயாக் சமையல் என்று ஒரே பெயரில் நாம் சொல்வதற்குள் இத்தனை வீடுகள், இத்தனை பிடிவாதங்கள் இருக்கின்றன.

அடுத்தது மிடின். சதுப்பு நிலத்திலும் ரப்பர்த் தோட்ட ஓரங்களிலும் தானாக முளைக்கும் காட்டுப் பெரணி. நுனி சுருண்டு, செம்பழுப்பு நிறத்தில் இருக்கும். பாக்கு என்கிற இன்னொரு பெரணியும் சந்தையில் கிடைக்கும், அது வெந்தால் துவண்டுவிடும். மிடின் துவளாது. பெலாச்சான் என்கிற இறால் விழுதும் பூண்டும் போட்டுக் கடும் சூட்டில் ஒரு பிரட்டுப் பிரட்டி எடுத்தால், தட்டில் ஆறிய பிறகும் கடிக்கும்போது நறுக்கென்று சத்தம் வரும். பறித்த அன்றே சமைத்துவிட வேண்டும், மறுநாள் நார் தட்டும். அதனாலேயே இது கடல் தாண்டி நம் கிள்ளான் சந்தைக்கு அவ்வளவாக வருவதில்லை. பறித்த அன்றே சாப்பிட வேண்டுமானால் இங்கேதான் வர வேண்டும்.

தெருங் டாயாக் சூப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இது நம்முடைய நீளக் கத்தரிக்காய் இல்லை. உருண்டையாக, ஆரஞ்சு மஞ்சள் நிறத்தில், பிஞ்சில் மேலே மெல்லிய ரோமத்தோடு இருக்கும். காயே புளிக்கும். புகை போட்டு உலர்த்திய மீனோடு கொதிக்கவிட்டால், புளியோ எலுமிச்சையோ இல்லாமல் தெளிவான ஒரு புளிப்பு சாற்றில் இறங்கிவிடும். பழைய மலைவயல்களில் நெல்லோடு சேர்த்தே இதை நட்டிருக்கிறார்கள். புளிப்பு இந்த மக்களுக்கு ஜாடியிலிருந்து வரவில்லை, வயலோரச் செடியிலிருந்து வந்தது. இண்டாய் அந்தச் சூப்பை மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். காயை இன்னும் கொஞ்சம் பழுக்க விட்டிருக்கலாம் என்று சொல்லிக்கொண்டேதான் குடித்தார்.

நடுவே ஒரு கிண்ணத்தில் எம்பாசாக். மரவள்ளி இலையை உரலில் இடித்து, நெத்திலியோடு வதக்கியது. மரவள்ளி இலையைப் பச்சையாகச் சாப்பிட்டால் நஞ்சு. நன்றாக இடித்து நன்றாக வேகவைத்தால்தான் உணவு. யாரோ ஒரு முப்பாட்டி கண்டுபிடித்துச் சொல்லிக்கொடுத்த அந்த அறிவு இன்றைக்கு இந்தக் கிண்ணம்வரை வந்திருக்கிறது. நம்முடைய தோட்டப்புறத்துப் பாட்டிமார்களுக்கும் ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிதான் உயிர்ப்பிச்சை கொடுத்தது. கிழங்கைப் பற்றி அவர்கள் சொல்லி நிறையக் கேட்டிருக்கிறேன். இலையை இவ்வளவு அருமையாகச் சமைக்கலாம் என்பது எனக்குக் கூச்சிங் வந்த பிறகுதான் தெரிந்தது.

காசாம் என்கிற ஊறல் வகையைச் சிலர் முகர்ந்துவிட்டே தள்ளிவிடுகிறார்கள். தள்ளாதீர்கள். மீனையோ இறைச்சியையோ கீரையையோ உப்பும் சோறும் சேர்த்துச் சாடியில் காற்றுப் புகாமல் அடைத்துவைத்தால், சோறு புளிக்கப் புளிக்க உள்ளிருப்பது கெடாமல் பதமாகிறது. ஒரு பெரிய காட்டுப்பன்றி கிடைத்தால் நீண்ட வீட்டில் எல்லா வீட்டுக்கும் பங்கு போகும். பங்கு போனது போக மிச்சத்தைக் குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் வேறு எப்படி வைத்திருப்பார்கள்? எங்கள் மேசைக்கு வந்தது காசாம் என்சாபி. என்சாபி என்பது மலைவயலில் நெல்லோடு விதைக்கும் ஒரு கடுகுக்கீரை. புளித்த அந்தக் கீரையைப் பிழிந்து, பூண்டு, சின்ன மிளகாய், முட்டை போட்டு வதக்கியிருந்தார்கள். முதல் வாயில் உப்பும் புளிப்பும் தூக்கலாக இருக்கும். சோற்றோடு சேர்ந்த பிறகு கீரையின் லேசான கசப்பு மெல்ல வெளியே வரும். பான்சோவின் மென்மையான சாற்றுக்குப் பக்கத்தில் இப்படி ஒன்று இருப்பதால்தான் சாப்பாடு முழுமையாகிறது. தனித்தனியாகச் சுவைத்துப் பார்த்து மதிப்பெண் போட வேண்டிய சமையல் இல்லை இது. சோற்றை நடுவில் வைத்து எல்லாவற்றையும் சேர்த்துச் சாப்பிட வேண்டும்.

காட்டு இறைச்சி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சரவாக்கில் 1998ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு விலங்கு இறைச்சியை விற்கக் கூடாது. பூர்வகுடிகள் தங்கள் வீட்டுத் தேவைக்கு வேட்டையாடலாம், விற்பனைக்கு இல்லை. ஆகவே உணவகத்தில் நீங்கள் பார்க்கும் பன்றி இறைச்சி பண்ணையில் வளர்ந்தது. "ஒரிஜினல் காட்டுப்பன்றி இருக்கா" என்று பரிமாறுகிறவர்களைத் தனியாக அழைத்துக் கேட்கும் வழக்கம் வெளியூர்க்காரர்கள் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து கேட்காதீர்கள். 2021 முதல் பரவிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலில் போர்னியோவின் தாடிப்பன்றிகள் பெருமளவில் செத்துப்போயின. காட்டில் பன்றி குறைந்தால் முதலில் வாடுவது அதை நம்பியிருக்கும் உள்நாட்டுக் குடும்பங்கள்தான்.

நான் அன்று அதிகம் காத்திருந்தது எங்காபாங்குக்காக.

எங்காபாங் போர்னியோ ஆற்றங்கரைகளில் வளரும் பெரிய மரம். ஆண்டுதோறும் காய்க்காது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, காட்டிலுள்ள மரங்கள் சேர்ந்தாற்போல் பூத்து, சேர்ந்தாற்போல் காய்க்கும். இறக்கை வைத்த காய்கள் சுழன்று சுழன்று ஆற்றிலும் கரையிலும் விழும். ஆற்றில் விழுந்ததை எம்புராவ் மீன் தின்னும். சரவாக்கிலேயே மிக விலையான மீன் அதுதான். அதன் சதையின் ருசிக்கு இந்தக் காயே காரணம் என்று ஆற்றோர மக்கள் சொல்வார்கள். கரையில் விழுந்ததைப் பெண்கள் பொறுக்கி, உலர்த்தி, இடித்து, பிழிந்து கொழுப்பெடுக்கிறார்கள். உருகிய கொழுப்பை மூங்கில் குழாயில் ஊற்றினால் ஆறியதும் கெட்டியாகிவிடும், மூங்கிலைப் பிளந்தால் உருளைக் கட்டி. அடுத்த காய்ப்புக்காலம்வரை அதுதான் கையிருப்பு. காயாக வெளிநாட்டுக்கும் போகிறது, சாக்லெட்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகச் சேர்க்கிறார்கள். ஐரோப்பாவில் சாக்லெட் தின்கிற எத்தனையோ பேர் பெயர் தெரியாமலேயே இதைச் சுவைத்திருப்பார்கள்.

எல்லா நாளும் இது உணவகத்தில் இருக்காது. முந்தைய வாரம் கேட்டுவைத்திருந்தோம், காப்பிட்டிலிருந்து கொஞ்சம் வந்திருக்கிறது என்றார்கள். மலைநெல் சோறு தனியாக ஒரு மரத்தட்டில் ஆவி பறக்க வந்தது. அந்தப் பையன் வெளிர்மஞ்சள் கட்டி ஒன்றை எடுத்துக் கத்தியால் சோற்றின் மேல் சீவினான். சீவல்கள் சுருள் சுருளாக விழுந்தன. விழுந்த இடத்திலேயே ஓரம் முதலில் கண்ணாடியாகி, பிறகு முழுதும் கரைந்து, சோற்றுப் பருக்கைகள் மட்டும் பளபளத்தன. மேலே ஒரு சிட்டிகை உப்பு. அந்த உப்பும் சாதாரண உப்பு இல்லை. கெலாபிட் மலைநாட்டில் கடலே எட்டாத உயரத்தில் உப்பு ஊற்றுகள் உண்டு. அந்தத் தண்ணீரைக் காய்ச்சி எடுத்த உப்பை மூங்கிலில் அடைத்துச் சுட்டு, இலையில் கட்டி விற்பார்கள்.

சாப்பிட்டுப் பார்த்தேன். நெய்யின் கனம் இல்லை, தேங்காயெண்ணெயின் இனிப்பும் இல்லை. கொட்டைப் பருப்பை வறுக்கும்போது வருமே, அந்த மணத்தில் பாதி. அதற்குப் பின்னால் ஈரக்காட்டின் வாடை லேசாக. வாயில் ஒட்டவே இல்லை. சோறு, கொழுப்பு, உப்பு. நான் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இண்டாய் சாப்பிடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் காய்ப்புக்காலம் வந்தால் பள்ளிக்கூடம் காலியாகிவிடுமாம், பிள்ளைகளெல்லாம் ஆற்றங்கரையில்தான் கிடப்பார்களாம். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எங்க காலத்துல சோத்தை யாரும் விக்க மாட்டாங்க. வந்தவனுக்குப் போடுறதுதான் சோறு. இப்ப இங்க பில்லு வருது."

தோழி அம்மாவைப் பார்த்தாள். எனக்கும் என்ன சொல்வதென்று உடனே வரவில்லை. இபான் குடும்பங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் பாடி புன் என்று ஒரு புனித நெல் வகை உண்டு. வயலில் அதைத் தனியாக நடுவார்கள். தலைமுறை தலைமுறையாக விதை கைமாறி வரும். நெல்லுக்கு உயிர் உண்டு என்று நம்பி வாழ்ந்தவர் சோற்றுக்கு விலைச்சீட்டு போட்டதைப் பார்த்தால் சங்கடப்படத்தான் செய்வார். அவர் சங்கடத்தை நான் மதிக்கிறேன்.

ஆனாலும் இந்த உணவகங்கள் வேண்டும் என்பதே என் கட்சி, அதை அன்றே அவரிடமும் சொன்னேன். தோழியின் பிள்ளைகள் கூச்சிங்கில் பிறந்தவர்கள். அடுக்குமாடி வீட்டில் தணல் மூட்டி மூங்கில் சாய்க்க முடியாது. வேலைக்காகக் கூச்சிங், மீரி, பிந்துலு என்று வந்துவிட்ட எத்தனையோ குடும்பங்களுக்கு இதே நிலைமை. கவாய் என்கிற அறுவடைத் திருநாளுக்கு மட்டும் ஊருக்குப் போய் ஒருவாரம் சாப்பிடுவதோடு நின்றுவிட்டால், அடுத்த தலைமுறைக்கு இது திருவிழாப் பலகாரமாகச் சுருங்கிவிடும். வாரக்கடைசியில் குபா ரியாவிலுள்ள சாத்தோக் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். மிடின் கட்டு, தெருங் குவியல், காட்டு இஞ்சிப்பூ, வெட்டிய மூங்கில் என்று விடிகாலையிலேயே கம்போங்கிலிருந்து கொண்டுவந்து விரித்திருக்கும் அக்காமார்களும் பாட்டிமார்களும் இருப்பார்கள். அவர்களிடம் வாங்குவதற்கு நகரத்தில் ஆள் இருந்தால்தான் அவர்கள் நாளைக்கும் காட்டோரம் போவார்கள். பிள்ளைகளுக்கு எது புங்காங் இலை, எது வேறு இலை என்று காட்டிக்கொடுப்பார்கள். சமையல் பிழைப்பது ஏட்டில் எழுதிவைப்பதால் இல்லை, தினமும் யாரோ ஒருவர் அதற்குப் பசியோடு வருவதால்.

இண்டாய் பதில் சொல்லவில்லை. சோற்றில் கைவைத்தார். தட்டு காலியானது.

சரி, "காரமே இல்லையே" என்கிறவர்களுக்கு வருகிறேன். நம் வீட்டில் கோழி என்றால் வெங்காயம் வதங்க வேண்டும், மல்லியும் சோம்பும் பட்டையும் அரைபட வேண்டும், எண்ணெய் பிரிந்து மேலே வர வேண்டும். அந்த நாக்கோடுதான் நானும் வளர்ந்தேன். அந்த அளவுகோலை வைத்துக்கொண்டு பான்சோவைச் சுவைத்தால் ஏதோ விட்டுப்போனதாகத் தோன்றும். ஒன்றும் விட்டுப்போகவில்லை. நம்மிடம் விதையும் பட்டையும் செய்யும் வேலையை இங்கே பச்சை இலையும் தண்டும் புகையும் செய்கின்றன. காய்ந்த மசாலா தூரத்துக்குப் பயணம் போகும், மாதக்கணக்கில் டப்பாவில் இருக்கும். பச்சை இலை பயணம் போகாது. அதனால் இந்தச் சமையலின் ருசியும் பயணம் போகவில்லை, உலகத்துக்குத் தெரியவில்லை. 2021இல் யுனெஸ்கோ கூச்சிங்கை உணவுக்கலைக்கான படைப்பாக்க நகரங்களில் ஒன்றாகச் சேர்த்தது. அந்த அங்கீகாரத்தில் சீன, மலாய்ச் சமையல்களோடு இந்தக் காட்டு இலைகளுக்கும் முழுப்பங்கு உண்டு.

காரம் வேண்டுமென்றால் பக்கத்தில் சம்பல் வரும், தாராளமாகத் தொட்டுக்கொள்ளுங்கள். பான்சோவுக்குள் கறிப்பொடி போட்டுக் கொடுக்கச் சொல்லாதீர்கள். வெளியூர் வாய்க்கேற்ப ருசியை மாற்றிவிட்ட இடங்களும் நகரத்தில் உண்டு. வேறு ஓர் இடத்தில், கோழியைச் சட்டியில் வேகவைத்து, பரிமாறும் முன் மூங்கிலில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார்கள். கண்டுபிடிப்பது எளிது. மூங்கிலின் வெளிப்பக்கம் கரியே இருக்காது, இல்லையென்றால் பல நாள் கழுவிக் கழுவிக் காய்ந்துபோய் இருக்கும். வாயில் அடைத்த இலை பச்சைப்பசேலென்று வேகாமல் இருக்கும். உண்மையான பான்சோவில் அந்த இலைதான் கடைசியாகச் சாப்பிட வேண்டிய பாகம், ஏனென்றால் மொத்த ஆவியையும் குடித்தது அது.

துவாக் ஒரு சின்னக் குவளை எல்லோருக்கும் வந்தது. புளுட் என்கிற ஒட்டும் அரிசியை வேகவைத்து, ராகி என்கிற நொதி மாவுருண்டையைப் (நம் கேழ்வரகு இல்லை) பொடித்துத் தூவி நொதிக்கவிட்ட அரிசி மது. இனிப்பாக இருக்கிறதே என்று வேகமாகக் குடிக்க வேண்டாம். இதைக் காய்ச்சி வடித்ததுதான் லாங்காவ், அது நெருப்பு. குடிக்காதவர்கள் குவளையை விரலால் தொட்டுவிட்டு மரியாதையாக மறுக்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கடைசியில் பென்யாராம் வந்தது. அரிசிமாவும் நீப்பா பனையிலிருந்து வரும் கூலா அப்போங் வெல்லமும் கலந்து எண்ணெயில் சுட்டது, நடுவில் உப்பி ஓரம் மொறுமொறுவென்று இருக்கும். நம் அதிரசத்துக்குத் தங்கை என்று சொல்லலாம். அன்றைய சாப்பாட்டில் எண்ணெய்ச் சட்டியில் முங்கி எழுந்தது அது ஒன்றுதான்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பான்சோ வேண்டுமென்றால் முந்தின நாளே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். தணலில் நிதானமாக வேக வேண்டியது, வந்து உட்கார்ந்த பிறகு கேட்டால் ஒன்று கிடைக்காது, அல்லது சட்டியில் வெந்தது கிடைக்கும். டாயாக் சமையலில் பன்றி இறைச்சிக்கு முக்கியமான இடம் உண்டு. சாப்பிடாதவர்கள் வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லுங்கள், கோழியும் மீனும் கீரையும் நிறையவே இருக்கின்றன. வெள்ளிக்கிழமை சைவம் என்றாலும் பட்டினி கிடக்க வேண்டாம். மிடினைப் பெலாச்சான் போடாமல் பூண்டு மட்டும் போட்டுப் பிரட்டச் சொல்லலாம். தெருங்கை மீனில்லாமல், எம்பாசாக்கை நெத்திலி இல்லாமல் செய்து தரச் சொல்லுங்கள், முன்கூட்டிச் சொன்னால் செய்கிறார்கள். மலைநெல் சோறு, இருந்தால் எங்காபாங். லுன் பாவாங் முறையில் குழைய வேகவைத்து இலையில் பொட்டலமாகக் கட்டிய நுபா லாயா கிடைத்தால் வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதை வாங்குங்கள், கடிக்கவே வேண்டியதில்லை. பட்டியலில் ஏதாவது ஒன்று இல்லை என்று சொன்னால் முகம் சுளிக்க வேண்டாம். இன்று காட்டிலிருந்து வரவில்லை என்று பொருள், அப்படிச் சொல்கிற கடையை நம்பலாம்.

ஜூன் முதல் வாரத்தில் மட்டும் டிக்கெட் போடாதீர்கள். ஜூன் 1, 2 கவாய் டாயாக். சமைப்பவர்கள், பரிமாறுபவர்கள் எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள், கடைகள் பலவும் பூட்டியிருக்கும். அந்த நேரத்தில் யாராவது உங்களைத் தங்கள் நீண்ட வீட்டுக்கு அழைத்தால் மட்டும் மறுபேச்சில்லாமல் கிளம்பிவிடுங்கள். இண்டாய் என்னை அடுத்த கவாய்க்கு வரச் சொல்லியிருக்கிறார், அசாம் சியோக்கைத் தானும் ஒருமுறை செய்து பார்க்கப் போகிறாராம்.